லேப்டாப்புக்கு ஒரு விதி, யு.பி.எஸ்.ஸுக்கு வேறு விதி: பேட்டரிக்குள் இருக்கும் அணுக்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி விண்டோஸ் பற்றியது அல்ல, வைரஸ் பற்றியதும் அல்ல. பேட்டரி பற்றியதுதான். முழுவதும் இறங்கிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டுமா? எப்போதும் பிளக்கிலேயே வைத்திருக்கலாமா? ஊருக்குப் போகும்போது யு.பி.எஸ்.ஸை என்ன செய்வது? இதற்குக் கடைக்குக் கடை ஒரு பதில் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் மூன்றாவதாக ஒரு பதில் கிடைக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். லேப்டாப் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கினால் முக்கால் மணி நேரம்கூட ஓடவில்லை. "கடைக்காரர் சொன்னபடிதான் தம்பி செஞ்சேன். தினமும் அதுவா அணையுற வரைக்கும் ஓட்டிட்டுத்தான் சார்ஜ் போடுவேன்" என்றார். அதே வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்றும், அதற்கு ஒரு யு.பி.எஸ்.ஸும் உண்டு. மகளைப் பார்க்க பெங்களூரு போனபோது, மின்வெட்டில் சார்ஜ் இறங்கிப் போயிருந்த அந்த யு.பி.எஸ்.ஸை அப்படியே ஆஃப் செய்துவிட்டு இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

லேப்டாப்பைக் காலியாக விடக்கூடாது, யு.பி.எஸ்.ஸையும் காலியாக விடக்கூடாது. அதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் லேப்டாப்பை எப்போதும் நிறைத்து வைப்பதும் அதற்கு நல்லதல்ல. யு.பி.எஸ்.ஸோ எப்போதும் நிறைந்தே இருக்க விரும்பும். ஏன் இந்த வித்தியாசம்? ஒன்றுக்குள் லித்தியம் என்ற அணு வேலை செய்கிறது. இன்னொன்றுக்குள் ஈயம் என்ற அணு வேலை செய்கிறது. இந்த இரண்டு அணுக்களின் குணம் தெரிந்தால் எந்தக் கடைக்காரரிடமும் கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் படித்த வேதியியலைக் கொஞ்சம் தூசி தட்டி எடுப்போம். பயப்பட வேண்டாம், சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை.

அணு என்ன செய்கிறது?

எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அது அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் உட்கரு. அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும், மின்சுமையற்ற நியூட்ரான்களும் இருக்கும். உட்கருவைச் சுற்றிலும் எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள். புரோட்டான் எத்தனையோ அதுதான் அந்தத் தனிமத்தின் அடையாளம். 3 புரோட்டான் இருந்தால் லித்தியம், 6 இருந்தால் கார்பன், 14 இருந்தால் உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் சிலிக்கான், 82 இருந்தால் ஈயம்.

வேதியியல் என்பது பெரும்பாலும் வெளி எலக்ட்ரான்களின் கதைதான். லித்தியத்தின் 3 எலக்ட்ரான்களில் 2 உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஒன்று மட்டும் வெளியே தனியாக நிற்கிறது. அந்த ஒன்றைக் கொடுத்துவிட லித்தியம் எப்போதும் தயார். கொடுத்த பிறகு அது லித்தியம் அயனி ஆகிவிடும். எலக்ட்ரானை இழந்ததால் நேர்மின்சுமை கொண்ட அணு, அவ்வளவுதான்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். எலக்ட்ரானைக் கொடுக்க விரும்பும் பொருள் ஒரு பக்கம், வாங்கிக்கொள்ள விரும்பும் பொருள் மறு பக்கம். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெப்பம்தான் வரும். அதனால் நடுவில் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். அயனிகள் உள்ளே இருக்கும் திரவத்தின் வழியாகப் போகலாம். எலக்ட்ரான்கள் மட்டும் வெளியே வயர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வயரின் நடுவில் உங்கள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 1800ஆம் ஆண்டு இத்தாலியரான வோல்டா, துத்தநாகத் தகட்டையும் செப்புத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த துணியை வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். பொருட்கள் மாறியிருக்கின்றனவே தவிர, இன்றைக்கும் ஏற்பாடு அதேதான்.

சார்ஜ் செய்வது என்றால் இதைத் தலைகீழாக நடத்துவது. கொடுத்த எலக்ட்ரானைத் திரும்பப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே வைப்பது. திரும்பி வருவதில் எந்த அணுவுக்கு என்ன சிக்கல் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

யு.பி.எஸ்.ஸுக்குள் ஈயம்

வீடுகளில் பயன்படும் சிறிய யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் என்று எழுதிய ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். தூக்கிப் பார்த்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. உள்ளே 6 அறைகள், அறைக்குச் சுமார் 2 வோல்ட். ஒவ்வொரு அறையிலும் ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளான்டே 1859இல் உருவாக்கியது இது. திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியும் இதுவே. உங்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் இருப்பது இதன் தம்பிகள்தான்.

மின்சாரம் எடுக்கும்போது என்ன நடக்கிறது? இரண்டு பக்கத் தகடுகளும் அமிலத்தில் உள்ள சல்பேட்டை இழுத்துக்கொண்டு, ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருளாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் செய்தால் ஈய சல்பேட் பழையபடி ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடும்.

வில்லன் இந்த ஈய சல்பேட்தான். புதிதாக உருவாகும்போது அது பொடிப் பொடியான படிகமாக இருக்கும், எளிதில் கரையும். உடனே சார்ஜ் செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையில் நாள் கணக்கில் விட்டுவிட்டால் பொடிப் படிகங்கள் ஒன்று சேர்ந்து பெரிய, கெட்டியான படிகங்களாக வளர்ந்துவிடும். கற்கண்டு வளர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அவை கரையாது. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு ஆகாது. ஆசிரியர் வீட்டு யு.பி.எஸ்.ஸுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே மின்வெட்டு முடிந்ததும் யு.பி.எஸ். சார்ஜ் ஆவதற்கு வழி செய்யுங்கள். பல மாடல்களில் முன்னால் உள்ள பட்டனை ஆஃப் செய்தாலும் சுவர் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். உங்களுடையது எப்படி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் முன் முழுவதும் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆஃப் செய்யுங்கள். மின்சாரம் போய் யு.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தால், கடைசி நிமிடம் வரை சினிமா பார்க்காமல் ஃபைலைச் சேமித்துவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். யு.பி.எஸ். தரும் அந்தச் சில நிமிடங்கள் அதற்காகத்தான்.

இன்னொன்று வெப்பம். இந்தப் பேட்டரிகளின் ஆயுளைச் சுமார் 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் உள்ள பொதுவான கணக்கு. நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, துணி மூடி வைப்பவர்கள் அதிகம். தூசி படியாமல் இருக்கத்தான் மூடுகிறார்கள் என்றாலும் மூச்சு முட்டுகிறது.

வீட்டில் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் இருந்தால் அதுவும் அநேகமாக ஈயம்தான். அதில் அவ்வப்போது நீர் குறையும். சார்ஜ் செய்யும்போது நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போவதால் வரும் குறைவு அது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரிலும், சுத்தமாகத் தெரியும் கேன் தண்ணீரிலும்கூட உப்புகள் உண்டு. அந்த அயனிகள் உள்ளே போய்ச் செய்யும் வேலையை யாராலும் திருத்த முடியாது. ஹைட்ரஜன் எரியக்கூடிய வாயு என்பதால் பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் விளக்கு ஏற்றக்கூடாது. பூஜை அலமாரிக்குக் கீழே இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றி வையுங்கள். யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது மூடிய வகை. அதில் நீர் ஊற்றும் வேலை கிடையாது, திறக்கவும் கூடாது.

"முழுவதும் இறக்கு" என்ற ஆலோசனை எங்கிருந்து வந்தது?

நிக்கலிடமிருந்து வந்தது. 1990களில் வந்த பல செல்போன்களிலும், கார்ட்லெஸ் போன்களிலும், அக்கால லேப்டாப்களிலும் நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இருந்தன. பாதி இறங்கியதும் சார்ஜ் போடுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அவை அந்தப் பாதியோடு நின்றுவிடுவதுபோல நடந்துகொள்ளும். இதை 'மெமரி எஃபெக்ட்' என்றார்கள். நினைவாற்றல் என்று பெயர் வந்தாலும் உள்ளே நடப்பது படிகங்களில் ஏற்படும் மாற்றம்தான். அதனால் முழுவதும் இறக்கிச் சார்ஜ் போடு, முதல் முறை எட்டு மணி நேரம் விடு என்றெல்லாம் சொன்னார்கள். அந்தப் பேட்டரிக்கு அது சரியான ஆலோசனை. பேட்டரி மாறிவிட்டது, ஆலோசனை மட்டும் வாய்வழியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லேப்டாப்புக்குள் லித்தியம்

லித்தியத்தை ஏன் தேடிப் போனார்கள்? எடை. லித்தியம்தான் உலோகங்களிலேயே மிக லேசானது, தண்ணீரில் மிதக்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 7 கிராம் லித்தியம் எத்தனை எலக்ட்ரான்களைக் கொடுக்குமோ, அத்தனையைக் கொடுக்க ஈயத்தில் சுமார் 104 கிராம் வேண்டும். ஏறக்குறைய 15 மடங்கு! அதோடு ஒரு லித்தியம் செல் தருவது சுமார் 3.7 வோல்ட். ஈய அறை தருவது 2 வோல்ட்தான். லேப்டாப்பில் யு.பி.எஸ். பேட்டரியை வைத்திருந்தால் மடியில் வைக்க முடியாது, தலையில் சுமக்க வேண்டியதுதான்.

ஆனால் அவ்வளவு ஆசையோடு எலக்ட்ரானைக் கொடுக்கும் அணுவை அடக்கி வைப்பது எளிதல்ல. லித்தியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். உலோகமாகவே வைத்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால், முள் முள்ளாக வளர்ந்து தடுப்பைக் குத்திக் கிழித்து உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் வடிவத்தை உருவாக்கினார். 1980இல் ஜான் குட்இனஃப், லித்தியத்தை கோபால்ட் ஆக்சைடின் அடுக்குகளுக்குள் குடிவைக்கலாம் என்று காட்டினார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, மறுபக்கத்தில் உலோக லித்தியத்துக்குப் பதிலாகக் கார்பனை வைத்தார். 1991இல் சோனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃப்புக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

உள்ளே நடப்பதை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிராஃபைட் என்பது கார்பன் அணுக்களின் மெல்லிய தாள்கள், அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிளம்பி, திரவத்தில் நீந்தி, அப்பளங்களுக்கு இடையே நுழைந்து உட்காருகின்றன. 6 கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பதுதான் அதிகபட்சம். நீங்கள் லேப்டாப்பை ஓட்டும்போது அவை திரும்பி ஆக்சைடு வீட்டுக்குப் போகின்றன. ஈயத்தில் நடந்ததுபோல இங்கே தகடு வேறு பொருளாக மாறிக் கரைந்து மீண்டும் உருவாவதில்லை. குடியிருப்பவர் மட்டும் இடம் மாறுகிறார். அதனால்தான் இது நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்தாலும் தாங்குகிறது. பாதியில் சார்ஜ் போட்டால் எந்தக் கெடுதலும் இல்லை.

கெடுதல் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. 100 சதவீதம் என்று திரையில் காட்டும்போது ஒரு செல்லில் சுமார் 4.2 வோல்ட் அழுத்தம். அந்த நிலையில் ஆக்சைடு வீடு பாதிக்கு மேல் காலியாகி, சுவர்கள் பலவீனமாக இருக்கும். நடுவில் உள்ள திரவமும் மெல்ல மெல்லச் சிதைந்து, கிராஃபைட்டின் மேல் ஒரு படலமாகப் படியும். அந்தப் படலம் கொஞ்சம் வேண்டும்தான், அதுதான் பாதுகாப்பு. ஆனால் அது வளர வளர லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கிய லித்தியம் திரும்பாது. வெப்பம் கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும். முழுச் சார்ஜும் அதிக வெப்பமும் ஒன்றாகச் சேர்வதுதான் மிக மோசம். மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து, சார்ஜரையும் செருகி, காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு படம் பார்ப்பது இதற்குச் சரியான உதாரணம்.

மறு ஓரம், காலி. லேப்டாப் தானாக அணையும்போது பேட்டரி உண்மையில் பூஜ்யத்துக்குப் போவதில்லை. உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கொஞ்சம் மீதி வைத்துத்தான் நிறுத்துகிறது. ஆனால் அந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் மீதியும் கசிந்துவிடும். மேலும் கீழே போனால் கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட பேட்டரியைச் சர்க்யூட் மறுபடி சார்ஜ் செய்ய அனுமதிக்காது. அனுமதிக்காதது நல்லதே.

ஆகவே 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருந்தால் நல்லது. அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டாம். எப்போதும் பிளக்கிலேயே வேலை செய்பவர் என்றால், உங்கள் லேப்டாப்போடு வந்த மென்பொருளிலோ பயாஸிலோ 80 அல்லது 60 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது பல நிறுவனங்கள் தருகின்றன. பயணத்துக்கு முதல் நாள் மட்டும் அதை நீக்கி 100 ஏற்றிக்கொள்ளலாம். சில மாதங்கள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு அணைத்து, குளுமையான இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் அல்ல!

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று விண்டோஸே சொல்லும். ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று தேடித் திறங்கள். அதில் 'பவர்சிஎஃப்ஜி' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக டைப் செய்யுங்கள்: முதலில் பவர் என்ற சொல், தொடர்ந்து சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளி இல்லாமல். என்டர் தட்டினால் ஓர் அறிக்கை தயாராகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் அங்கேயே காட்டும். அந்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது வாங்கியபோது இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைய கொள்ளளவு. முதலாவது 50,000, இரண்டாவது 35,000 என்று இருந்தால் 70 சதவீதம் மிச்சம் என்று பொருள். ஆசிரியரின் லேப்டாப்பில் பாதிக்கும் குறைவாக இருந்தது. "அப்ப சார்ஜரை மாத்தச் சொன்னாரே, அது வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்த அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்டாயச் சிபாரிசு.

வீங்கினால் நிறுத்துங்கள்

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா? மூடி சரியாக மூடவில்லையா? மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கலாம். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறிப் பையை உப்பவைக்கிறது. அந்தத் திரவம் தண்ணீர் அல்ல, எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான். இரண்டு பக்கங்களையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அது கிழிந்தால் எலக்ட்ரான்கள் வயரில் சுற்றாமல் குறுக்கு வழியில் பாயும், வெப்பம் வெப்பத்தைக் கூட்டும்.

எனவே சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அதோடு நிறுத்திவிடுங்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது, 'கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்று மறுபடி சார்ஜ் போடுவது எல்லாமே ஆபத்து. எரியக்கூடிய பொருட்கள் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். புகையோ தீயோ வந்தால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

இது மலிவுப் பேட்டரிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் இருந்தவை சோனி தயாரித்த செல்கள். தயாரிப்பின்போது உள்ளே சிக்கிய கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள்தான் காரணம் என்று கண்டறியப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால், பெயர் தெரியாத பாதி விலைப் பேட்டரிக்குள் என்ன பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மிச்சப்படுத்த எத்தனையோ பாகங்கள் உண்டு. இதில் மட்டும் வேண்டாம்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்

டெஸ்க்டாப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி தெரியும். மேலே சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியும் நேரமும் மறக்காமல் இருப்பது இதனால்தான். இதிலும் லித்தியம்தான், ஆனால் இங்கே உலோகமாகவே இருக்கிறது. மறுபக்கம் மாங்கனீஸ் டை ஆக்சைடு. கொடுத்த எலக்ட்ரான் கொடுத்ததுதான். இதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

பவர் அணைந்திருக்கும்போது மதர்போர்டின் கடிகாரம் எடுக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம், மைக்ரோ ஆம்பியர் கணக்கு. 5 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 220 மில்லி ஆம்பியர் ஹவர் கொள்ளளவு 44,000 மணி நேரம் வரும். அதாவது 5 வருடம். அது தீரும் சமயத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். இணையத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வரும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க தேதி, முடிவு தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருடத்தில் இருப்பதால் சான்றிதழை நம்ப மறுக்கிறது. வைரஸ் என்று பயந்து விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் உண்டு. முதலில் திரையின் ஓரத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். மாற்றுவதும் சுலபம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் உள்ள கிளிப்பை மெல்ல அழுத்தினால் பேட்டரி எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரி எங்கே போனது என்பது முக்கியம். மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிட ஆபத்தான கம்ப்யூட்டர் பாகம் கிடையாது. விழுங்கினால் 20 மில்லிமீட்டர் அளவு உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். கடிகாரத்தை ஓட்ட முடியாத 'தீர்ந்த' பேட்டரியிலும், ஈரமான சதையில் பட்டால் அங்குள்ள நீரைப் பிரிக்கும் அளவுக்கு வோல்டேஜ் மிச்சம் இருக்கும். அப்போது எதிர்முனையில் காரம் உருவாகிறது. சோடா உப்பு போன்ற லேசான காரம் அல்ல, அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடா போன்றது. 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அது அரித்துவிடும். பேட்டரி உடைந்து கசிய வேண்டிய அவசியம்கூட இல்லை. குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்க முயலாமல், 'நாளைக்கு வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்காமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். பேட்டரியின் எண்ணை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரிமோட், பொம்மை, எடை மெஷின், கார் சாவி என்று இதே பேட்டரி வீடு முழுக்க இருக்கிறது. கழற்றியதும் இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டிவிடுங்கள். டேப் ஒட்டிய பேட்டரி குப்பையில் மற்ற உலோகத்தோடு உரசி ஷார்ட் ஆவதும் இல்லை.

குப்பை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரியில் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்ட படம் இருக்கும். வீட்டுக் குப்பையில் போடாதே என்று அர்த்தம். நம் நாட்டில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. பழைய யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள், ஈயத்துக்கு அவ்வளவு மதிப்பு. தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் யாரிடம் கொடுப்பார், அங்கே யார் அதை உடைத்து உருக்குவார் என்பது நமக்குத் தெரியாது. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். லேப்டாப் பேட்டரிக்கு அப்படி விலை கிடைக்காமல் போகலாம். ஆனாலும் பேட்டரி மாற்றும் இடத்திலேயே பழையதை விட்டுவிட்டு வருவதுதான் சரி. ஆசிரியர் அதையும் பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தார், புடவைகளுக்கு நடுவில். அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டேன்.